மாதிரி நீதிமன்றம் பட்டிமன்றம் ஆகாமல் இருக்க

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 40 பிள்ளைகள். ‘பொன்னியின் செல்வன்’ நாவலை மாதிரி நீதிமன்றம் நடத்திக் கற்பிக்கப் பார்த்தேன், பட்டிமன்றமாகப் போய்விட்டது. எப்படிச் சரி செய்வது?

பதில்: முதலில் தலைப்பைப் பாருங்கள். ‘நந்தினி நல்லவளா, கெட்டவளா’ என்று கேட்டால் நாவலைத் தொடாத பிள்ளையும் பேசிக் கைதட்டல் வாங்கிவிடும். வழக்குக்கு ஒரு குற்றச்சாட்டு வேண்டும். அது உங்கள் நாவலிலேயே இருக்கிறது: கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனை வந்தியத்தேவன் கொன்றான். பழி அவன்மேல் விழுகிறது. ஆனால் கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை அடித்துச் சொல்வதில்லை. வகுப்புக்கு இதைவிட நல்ல வழக்கு கிடைப்பது கடினம்.

ஐந்து பாகத்தையும் எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. கொலையும் அதையடுத்த விசாரிப்புகளும் வரும் அத்தியாயங்கள் போதும். நாட்டுடைமையான நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அப்புறம் ஒரே ஒரு விதி, அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: புத்தகத்தில் இல்லாததைச் சாட்சி சொல்லக் கூடாது. எதிர்த்தரப்பு எழுந்து “பக்க எண்?” என்று கேட்டால் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் அந்தச் சாட்சியம் தள்ளுபடி. இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள் வரிவரியாகப் படிப்பார்கள். மணிமேகலை, பெரிய பழுவேட்டரையர் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர் ‘கொன்றது நான்தான்’ என்கிறார்கள் அல்லவா? குறுக்கு விசாரணை சூடு பிடிக்கும் இடம் அதுதான். அவள் எங்கே நின்றாள், எதைக் கண்ணால் கண்டாள், யாரைக் காப்பாற்ற நினைக்கிறாள்? இந்தக் கேள்விகளோடு படிக்கும் பிள்ளைக்குப் பாத்திரப் படைப்பு என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நடைமுறையில் இரண்டு சொன்னால் போதும். தன் தரப்புச் சாட்சியிடம் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, குறுக்கு விசாரணையில் கேட்கலாம். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. வந்தியத்தேவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

தரப்புக்கு மூன்று வழக்கறிஞர்கள், இரு தரப்புக்கும் சேர்த்து ஆறு சாட்சிகள், நேரம் பார்க்க ஒரு பெஞ்ச் கிளார்க். மீதி 27 பேரை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். நம் நீதிமன்றங்களில் பொதுமக்கள் தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை இல்லை, அதனால் மூன்று மூன்று பேராக ஒன்பது நீதிபதிகள் அமர்வுகள் ஆக்குங்கள். ஒவ்வோர் அமர்வும் பக்க எண்ணோடு ஒரு பக்கத் தீர்ப்பு எழுதட்டும். ஆட்சேபனைகளை மட்டும் நீங்கள் தீர்த்து வையுங்கள். மதிப்பெண்ணைத் தீர்ப்புக்கும் கேள்விகளுக்கும் போடுங்கள், வசன உச்சரிப்புக்கு வேண்டாம். பேசக் கூச்சப்படும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அருமையான தீர்ப்பு எழுதுகிறார்கள்.

கேள்விகள் தயாரிக்க ஒரு பீரியட், விசாரணைக்கு இரண்டு, தீர்ப்புக்கு ஒன்று. தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் கொடுத்து, தயாரிப்பு நாளில் இரண்டு மாணவர்களை அழைக்க முடிந்தால் குறுக்கு விசாரணையை நேரில் செய்து காட்டுவார்கள்.

யாராவது உடையார்குடிக் கல்வெட்டைக் கொண்டுவந்து நீட்டக்கூடும். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களை ராஜராஜன் காலத்து அந்தக் கல்வெட்டு சொல்கிறது. நாவலுக்கு வெளியே உள்ளதால் விசாரணையில் அனுமதிக்காதீர்கள். ஒன்பது தீர்ப்பும் கைக்கு வந்தபின் வாசித்துக் காட்டுங்கள். வரலாறு இத்தனை பெயர் சொல்லியும் கல்கி ஏன் முடிச்சை அவிழ்க்கவில்லை என்பதை அடுத்த வகுப்பில் பேசலாம்.