சும்மா இருப்பதற்குச் சம்பளம்

வணக்கம் ஐயா,

போன மாதம் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் என் மச்சானை லாரி இடித்துவிட்டது. 108 வந்து பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இரண்டு நாள் காசே வாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பில்லை நீட்டிவிட்டார்கள். அப்படியானால் இதெல்லாம் கண்துடைப்புதானே? இன்னொன்று, அந்த வார்டில் பாதிப் பேர் குடித்துவிட்டு ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவர்கள். அவர்களுக்கு ஏன் என் வரிப்பணம்? பேசாமல் எல்லாச் செலவையும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தலையில் கட்டிவிடலாமே?

எஸ்., விழுப்புரம்

அன்புள்ள எஸ்.,

மச்சான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதக்கூடாதா? பில்லைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தவருக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும், புரிகிறது.

ஆனால் அந்த ஹெல்மெட் பேச்சு வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் வருகிறவன் வாயை முகர்ந்து பார்த்துவிட்டா ரத்தம் ஏற்றுவார்கள்? உங்கள் மச்சான் ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று நீங்களும் எழுதவில்லை, டூட்டி டாக்டரும் கேட்டிருக்க மாட்டார். குற்றவாளியோ நிரபராதியோ முதலில் உயிரைக் காப்பாற்று, மற்றதெல்லாம் அப்புறம் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு விடுங்கள்.

கண்துடைப்பும் இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியபோது 81 வகைச் சிகிச்சைகளுக்கு ஒரு லட்சம் வரை, பிறகு அதை இரண்டு லட்சமாக்கினார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் போதும், அட்டை இருக்கிறதா, எந்த ஊர், என்ன வருமானம் என்ற கேள்வியே கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய முன்பு என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் என் சித்தப்பாவை மாட்டு வண்டியில் மோதிய மொபெட்டோடு தூக்கி ஒரு வேனில் போட்டுக்கொண்டு போனோம். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில், போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க என்றார்கள். சித்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி கவுன்டரில் வைத்தார். அங்கிருந்தவர் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஜி.எச்.சில் யாரும் பத்து பைசா கேட்கவில்லை. ஆனால் ஸ்கேன் எடுப்பவர் காலையில்தான் வருவார் என்றார்கள். சித்தப்பா காலை வரை தாங்கவில்லை.

இத்தனை வருடமாக என்னைக் குடைவது அந்த இரண்டாவது ஆஸ்பத்திரிதான். காசு கேட்காத ஆஸ்பத்திரி, ஆனால் ஆள் இல்லாத ஆஸ்பத்திரி. 48 திட்டம் முதல் கவுன்டரைச் சரிசெய்துவிட்டது. இரண்டாவதற்கு அதில் வழி இல்லை. காரணம், அது கேஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. தலைக்காயத்துக்கு ஒரு ரேட், எலும்பு முறிவுக்கு ஒரு ரேட், ஆள் வந்தால் பணம். ஆள் வராத இரவுக்கு? மயக்க மருந்து டாக்டர், சிடி ஸ்கேன் டெக்னீஷியன், ரத்த வங்கியில் ஒருவர், கூப்பிட்டால் அரைமணி நேரத்தில் வந்து நிற்கும் நியூரோ சர்ஜன், இவர்கள் எல்லாரும் கேஸே இல்லாத ராத்திரியிலும் இருந்தாக வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு எரிந்த வீட்டைக் கணக்கெடுத்தா சம்பளம் கொடுக்கிறோம்? சும்மா இருப்பதற்கும் கொடுக்கத்தான் வேண்டும். 2008-இல் வந்த 108 வண்டிகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறார்கள், வண்டி நிற்கிற நேரத்துக்கும் சேர்த்து. அந்த வண்டி கொண்டுபோய் இறக்கும் இடத்துக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? அரசு மருத்துவமனைகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சிவப்பு, மஞ்சள், பச்சையாகப் பிரித்துப் பார்க்கும் அவசரப் பிரிவுகள் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் திறப்பு விழா உண்டு. இரவுப் பணியிடத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். அங்கே பல ஆஸ்பத்திரிகள் டீமைத் தயார் செய்ததற்கே நோயாளி பில்லில் தனியாக ஒரு தொகை போட்டுவிடும். டெக்சாஸில் 2003-இல், தப்பாக வண்டி ஓட்டியவர்களிடம் வருடா வருடம் கூடுதல் கட்டணம் வாங்கி அதில் ஒரு பங்கை விபத்துச் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, உங்களுக்கும் பிடித்திருக்கும். கட்ட முடியாத ஏழைகள் லைசென்ஸை இழந்ததுதான் மிச்சம். 2019-இல் அதை ரத்து செய்தார்கள். மேரிலாந்தில் வண்டிப் பதிவோடு எல்லாரிடமும் ஒரு சிறு தொகை வாங்கி அவசர சிகிச்சை அமைப்புக்கென்று தனியாக ஒதுக்குகிறார்கள். யார் தப்பு என்ற விசாரணையே இல்லை. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. உங்கள் மச்சான் அடிபட்ட அந்த உளுந்தூர்பேட்டைச் சாலையில் விக்கிரவாண்டியிலும் செங்குறிச்சியிலும் சுங்கம் கட்டித்தானே போகிறோம்? அதில் ஒரு பங்கு பக்கத்து ஜி.எச். இரவு ஷிஃப்டுக்கு என்று ஏன் எழுதிவைக்கக்கூடாது? இதை நான் சொல்லாத ஆள் இல்லை, கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இன்சூரன்ஸா? 2025 மே மாதத்தில் வந்த மத்திய அரசுத் திட்டம் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரை தருகிறது. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிகள் போடும் பணம், இல்லையென்றால் அரசுப் பணம். அதுவும் கேஸுக்குத்தான். வராத நோயாளிக்காக எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்?

உங்கள் பில் விஷயம். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்திருந்தால் 48 மணி நேரத்துக்குப் பிறகும் அதில் தொடர்ந்திருக்கலாம். இல்லையென்றால் ஜி.எச்.சுக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். போனது போகட்டும். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீது வரை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். லாரியின் இன்சூரன்ஸ் மீது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம், ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கரிடம் மட்டும் அந்த ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள்.