117 வோல்ட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை நம்மூர் 230 வோல்ட்டில் ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம். ஆனால் கடையில் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்களுடையது 1960-களின் அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் ஆம்ப், பின்னால் 117 வோல்ட், 60 சைக்கிள் என்று எழுதியிருக்கிறது என்கிறீர்கள். எல்லாரும் அந்த 117-ஐத்தான் பார்க்கிறார்கள், 60 சைக்கிளை, அதாவது 60 ஹெர்ட்ஸை, விட்டுவிடுகிறார்கள். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதே 117-ஐ இங்கே கொடுத்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குக் காந்தச் சுமை 20 சதவீதம் ஏறும். சூடாகும், உர்ரென்று முனகும்.

அதனால் 110 போதும். வால்வுக்குள் சூடேற்றும் இழையான ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதில் 5.9 கிடைக்கும்; 10 சதவீத ஏற்ற இறக்கத்தை வால்வு தாங்கும். டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கட்டும் என்று 100-க்கு இறக்கினால் ஹீட்டர் 5.4-க்கு விழுந்துவிடும், அது வால்வுக்கு ஆகாது. இன்னொன்று: ராத்திரி சுவரில் 245 வந்தால் 110 பெட்டி 117-ஐத் தள்ளும். ஆம்ப் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மலிவான பெட்டிகள் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே சுருள். வெளியே வருவது 110 என்றாலும், சுவர் லைன் நேராக ஆம்புக்குள் வருகிறது. டூ பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் நியூட்ரல் என்று நினைக்கும் வயரிலேயே 230 இருக்கும். அந்தக் காலத்து ஆம்ப்களில் மெயின்ஸுக்கும் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கண்டன்சர் வேறு உண்டு. அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் கரண்ட். 'டெத் கேப்' என்று அதற்குப் பெயர் வைத்தது சும்மா இல்லை! அதை வெட்டி எடுத்துவிட்டு, த்ரீ பின் கார்டு போட்டு, எர்த்தை சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். வேலையை வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் 400 வோல்ட் நிற்கலாம். காய்ந்துபோன அந்தக் கண்டன்சர்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது வால்வுகளைக் கழற்றிவிட்டு, 230 பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே ஆஃப் செய்யுங்கள். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், ரெடிமேட் பெட்டிக்குப் பதில் வைண்டிங் கடையில் சொல்லி 230-க்கு 110, 300 விஏ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (சுவர் லைனோடு நேரடி இணைப்பு இல்லாதது) ஒன்றைச் சுற்றி வாங்குங்கள். தூக்கத்தான் கனம்.