வீட்டில் செய்யும் மயோனைஸ் ஏன் திரிந்துபோகிறது?

மயோனைஸ் என்பது முட்டையின் மஞ்சள் கருவும் எலுமிச்சைச் சாறும் தரும் சிறிதளவு நீருக்குள், எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி நிற்கும் கலவை. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்வதால்தான் அத்துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் நிற்கின்றன. குழம்புச் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கு வெறும் நீருக்கு அசையாமல் சோப்புக்கு மட்டும் விட்டுக்கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

டர்பனில் பிராய் எனும், நெருப்பில் இறைச்சி வாட்டும் விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்யும் நம் வீடுகளில், அவசரத்தில் சூரியகாந்தி எண்ணெயை ஒரேயடியாக ஊற்றிவிடுவதே பெரும்பாலும் நேரும் பிழை. ஒரு மஞ்சள் கருவுக்கு ஏறத்தாழ 150 மில்லி எண்ணெய் போதும்; முதல் இரண்டு மேசைக்கரண்டியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கலவை வெளிறிக் கெட்டியாகி, அடிக்கும் கம்பியின் தடம் அதில் பதியத் தொடங்கிய பின்னரே மெல்லிய இழையாக ஊற்ற வேண்டும். திரிந்துவிட்டாலும் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்: புதிய மஞ்சள் கரு ஒன்றில் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்தால் மீண்டும் கூடிவரும். பச்சை முட்டை என்பதால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தர வேண்டாம்.

வீட்டில் செய்தால் கொழுப்பு குறையும் என்று பலர் நினைப்பது தவறு. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 90 கலோரி அப்படியே இருக்கும், பாதியளவு கெட்டித் தயிர் கலந்தால்தான் அது குறையும்.