காணாமல் போன மெனு பாரைத் திரும்பக் கொண்டுவரலாமா?

கேள்வி: புதிய லேப்டாப்புக்கு மாறியதிலிருந்து, பல மென்பொருள்களில் மேலே இருந்த ஃபைல், எடிட், வியூ வரிசையைக் காணவில்லை. மூன்று கோடு போட்ட பொத்தான் மட்டும்தான் இருக்கிறது. எதைத் தேடினாலும் நேரமாகிறது. பழைய மெனு பாரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அதனால் பயன் உண்டா, இல்லை புதிய முறைக்கே பழகிக்கொள்ளட்டுமா?

பதில்: பல மென்பொருள்களில் கொண்டுவர முடியும். விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருள் இரண்டிலும் ஆல்ட் கீயை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மெனு பார் வந்து நிற்கும், வேலை முடிந்ததும் மறைந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் அது எப்போதும் இருக்க வேண்டுமென்றால், டேப் வரிசையில் காலியாக உள்ள இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘மெனு பார்’ என்பதை டிக் செய்யுங்கள். லினக்ஸில் கேடிஇ என்ற டெஸ்க்டாப்போடு வரும் மென்பொருள்கள் பலவற்றுக்கு கண்ட்ரோல் + எம். விண்டோஸில் குரோமுக்கு மெனு பாரே கிடையாது, அதில் தேடி அலைய வேண்டாம்.

சரி, பயன் உண்டா? நிறைய உண்டு என்பதே என் கருத்து. ஒரு மென்பொருளால் என்னென்ன செய்ய முடியும் என்பது முழுவதும் வார்த்தைகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் இடம் அதுதான். ஐகானைப் பார்த்தால் ஊகிக்க வேண்டும். வார்த்தையைப் படித்தாலே புரிந்துவிடும். மங்கலாகத் தெரியும் கட்டளைகூட ஒரு செய்தி சொல்கிறது: இந்த வசதி இருக்கிறது, இப்போதைக்குப் பயன்படாது. ‘பேஸ்ட்’ மங்கியிருந்தால், ஒட்டுவதற்கு இன்னும் எதையும் காப்பி செய்யவில்லை என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம். பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளி இருந்தால், அதைத் தொட்டதும் வேலை நடந்துவிடாது. முதலில் இன்னொரு பெட்டி திறந்து விவரம் கேட்கும். இது தெரிந்தால் பயமில்லாமல் தொட்டுப் பார்க்கலாம். வலது ஓரத்தில் அந்தக் கட்டளைக்கான கீபோர்டு ஷார்ட்கட்டும் இருக்கும். தேட வந்த இடத்திலேயே, அடுத்த முறை தேடாமல் இருக்கும் வழியும் கிடைத்துவிடுகிறது.

மூன்று கோடு ஐகான் ஒன்றும் புதிதில்லை. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. இடம் குறைந்த போன் திரையில் அதற்கு நியாயம் இருக்கிறது. கணினியில் அதையே வைக்கும்போது, ‘இது ஃபைல் சம்பந்தப்பட்டது, அது வியூ சம்பந்தப்பட்டது’ என்று நம் மனத்தில் பதிந்திருந்த பிரிவுகள் கலைந்து, எல்லாம் ஒரே நீளப் பட்டியலுக்குள் போய்விடுகின்றன. உங்களுக்கு நேரமாவது பெரும்பாலும் இதனால்தான்.

மேக்கில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அங்கே மெனு பார் திரையின் உச்சியிலேயே இருக்கிறது. 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கண்டறிந்தபடி, குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் அதைச் சீக்கிரம் எட்டலாம். திரையின் விளிம்பில் மவுஸ் தானாகவே நின்றுவிடும், ஆகவே குறி பார்க்காமல் மேலே தள்ளினாலே போதும். விண்டோவுக்குள் இருக்கும் மெனு பாரில் அந்த வசதி இல்லை, கவனித்து நிறுத்த வேண்டும். ஆனால் ஆல்ட் கீயோடு மெனு பெயரில் அடிக்கோடிட்ட எழுத்தை அழுத்தினால், மவுஸே தேவைப்படாது.

குறையும் உண்டு. கட்டளைகள் பெருகினால் மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று என்று ஆழமாகிவிடும். மைக்ரோசாஃப்ட் 2007 ஆபீஸில் மெனுவை எடுத்துவிட்டு ரிப்பன் (ஐகான்களை அடுக்கிய அகலமான பட்டை) கொண்டுவந்தது. வேர்டு, எக்செலில் அதற்குத்தான் பழக வேண்டும். இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸில் மெனு பார் இன்றும் உண்டு. அதோடு ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்தும் தேடலாம். 7.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

இடத்தை அடைக்கிறதே என்று தயங்க வேண்டாம். 768 பிக்சல் உயரமுள்ள சிறிய திரையில்கூட அது எடுப்பது சுமார் 20 பிக்சல்தான். பிரவுசரில் பெரும்பாலும் படிக்கத்தான் செய்கிறோம், அங்கே மறைந்தே இருக்கட்டும், ஆல்ட் போதும். எழுதுவது, கணக்குப் போடுவது, படம் திருத்துவது என்று மணிக்கணக்கில் உட்காரும் மென்பொருள்களில் திறந்தே வையுங்கள். ஒவ்வொரு முறை மெனுவைத் திறக்கும்போதும் வலது ஓரத்து ஷார்ட்கட்டை ஒரு கணம் பாருங்கள். மெனுவைத் திறக்காமலேயே வேலை ஓடுகிறது என்றால், அப்புறம் அங்கேயும் மறைத்துக்கொள்ளலாம்.