சிறுவர்களுக்கான பழைய விண்வெளிக் கதைகளைப் பெரியவர்களானபின் ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். 'இப்போது எடுத்தால் அறிவியல் பிழைகள்தான் கண்ணில் படுகின்றன' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதல் மருந்து, கதை முதலில் வெளிவந்த ஆண்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது. வெள்ளிக் கோள் கொதிக்கிறது என்பதை 1962இல் மாரினர் 2 என்ற ஆளில்லா விண்கலம் அருகே போய் உறுதிசெய்தது. செவ்வாயின் பள்ளம் விழுந்த தரை 1965இல் மாரினர் 4 அனுப்பிய படங்களில் தெரிந்தது. அதற்கு முன் எழுதியவர் வெள்ளியின் மேகத்துக்கு அடியில் கடலை வைத்திருந்தால் அது அன்றைய ஊகம், பிழையில்லை. ஐசக் அசிமோவ், பால் பிரெஞ்ச் என்ற புனைபெயரில் 1950களில் எழுதிய சிறுவர் நாவல்களுக்குப் பிற்பாடு தாமே முன்னுரை எழுதி, எது மாறிவிட்டது என்று சொன்னார். அந்தப் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் கதையை முடித்துவிட்டு முன்னுரைக்கு வாருங்கள்.

அன்றே தெரிந்திருந்த விஷயங்களில் கறாராக இருக்கலாம். நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. செவ்வாய் மிக அருகில் வரும்போதும் ரேடியோ அலை போய்ச்சேர மூன்று நிமிடம் ஆகும். கதையில் உடனுக்குடன் பதில் வந்தால் அதை ஆசிரியர் கணக்கில் எழுதுங்கள்.

உண்மையான ருசி கதைப் பின்னலில் இருக்கிறது. எலினார் கேமரூன் 1954இல் எழுதிய காளான் கிரகக் கதையைப் பாருங்கள் (முக்கிய முடிச்சைச் சொல்லிவிடுகிறேன்). இரண்டு பையன்கள் தாங்களே செய்த விண்கலத்தில் ஒரு கோழியையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். குழந்தைக்கு அது வேடிக்கை. போன இடத்தில் மக்கள் நோயில் வாடுகிறார்கள், அவர்களுக்கு இல்லாதது கந்தகம். அது கோழி முட்டையில் இருக்கிறது! அவித்த முட்டையை உரித்ததும் மூக்கில் ஏறுகிற வாடையே அதற்குச் சாட்சி. சிரிப்புக்காக வந்ததுபோல் நின்ற கோழி கதையையே தூக்கி நிறுத்துகிறது. அந்த நேர்த்தியை வளர்ந்த வாசகரால்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

ஒரே மூச்சில் படிக்காதீர்கள். அத்தியாயத்துக்கு ஒரு திகில் வைத்து எழுதப்பட்டவை இவை. வரிசையாகப் பத்தை விழுங்கினால் திகட்டிவிடும். இரவுக்கு ஒன்றிரண்டு போதும், வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. சுருக்கப் பதிப்பு வேண்டாம், அதில் முதலில் வெட்டுப்படுவது கிண்டலும் உரையாடலும்தான். நான்கு அத்தியாயம் தாண்டியும் கருவிகளின் பெயர்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தால் தயங்காமல் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள்.