ஆகஸ்டில் இலங்கை போகலாமா?

கேள்வி: ஆகஸ்டில் லீவு கிடைத்திருக்கிறது. இலங்கை போக ஆசை. 'அது மழைக்காலம், டிசம்பரில் போ' என்கிறார்கள் நண்பர்கள். தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. சின்னத் தீவுதான், ஆனால் அங்கே இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குக் கரையோர ஊர்களான காலி, மிரிஸ்ஸ பக்கம் மழை, கடலும் கொந்தளிக்கும். அந்த ஈரத்தை நடுவிலுள்ள மலைகள் வாங்கிக்கொள்வதால், கிழக்கே திருகோணமலைக்கு வறண்ட காற்றுதான் வந்து சேரும். அதன் பக்கத்திலுள்ள நிலாவெளி கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் கால்விரல் தெரியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது மின்னேரியா, பெரிய குளமுள்ள தேசியப் பூங்கா. சுற்றுவட்டாரம் காயும் அந்த மாதங்களில், குளம் வற்றிய ஓரத்தில் முளைக்கும் இளம்புல்லைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். மதியம் மூன்று மணிவாக்கில் ஜீப்பில் போங்கள். புல்லைக் காலால் எத்திப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு வாயில் போடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

காலி, மிரிஸ்ஸதான் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் மட்டும் டிக்கெட் போடாதீர்கள்; தீவு முழுக்க மழை, புயலும் வரலாம். அப்புறம், மலையூரான நுவரெலியாவுக்கு எந்த மாதம் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும்.