அப்பா நடிக்கேல்ல, தங்கச்சி

வணக்கம் அண்ணா,

போன மாசம் நீங்க உங்கட வலக்கை சுட்டுக்கொண்ட கதையை எழுதியிருந்தீங்க, கை வெந்தது மணத்திலதான் தெரிஞ்சது எண்டு. அதை வாசிச்சிட்டுத்தான் இதை எழுதுறன். எங்கட அப்பாவுக்கு 4 மாசத்துக்கு முதல் மூளைத்தண்டில சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்தது. இப்ப நடக்கிறார், கதைக்கிறார், இடக்கண் இமை மட்டும் கொஞ்சம் விழுந்திருக்கு. போன கிழமை கேத்தல் ஆவி பட்டு வலக்கை கொப்பளிச்சிட்டுது, அவர் பாட்டுக்கு பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தார். ஆனா அதே கையாலதான் ஷேர்ட் பட்டன் போடுறார், கண்ணை மூடச் சொல்லி குத்திக்காசைக் குடுத்தாலும் இது அஞ்சு இது பத்து எண்டு சரியாச் சொல்லுறார். அம்மா என்னெண்டா, எல்லாரும் தன்னைத் தாங்கோணும் எண்டு நடிக்கிறார் எண்டுறா. சூடு மட்டும் தனியத் தெரியாமப் போகுமா அண்ணா? பேர் போடாதேங்கோ.

வாசகி, தெஹிவளை

*

தங்கச்சி, அப்பா நடிக்கேல்ல. முதல்ல எழும்பிப்போய் அம்மாட்ட அதைச் சொல்லிட்டு வாங்கோ, மிச்சத்தை ஆறுதலா வாசிக்கலாம்.

"மரத்துப் போச்சு" எண்ட சொல்லாலதான் இந்தக் குழப்பமே. எனக்கும் இதே ஸ்ட்ரோக் வந்தப்ப, முதல் பாத்த டொக்டரிட்ட அப்பிடித்தான் சொன்னனான், அவர் பஞ்சால தடவி "தெரியுதா" எண்டார், தெரியுது எண்டன், அப்ப மரக்கேல்ல எண்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டார். ஒரு குண்டூசியால குத்தியிருந்தா, இல்ல ஒரு குளிர்ந்த கரண்டியை வச்சுப் பாத்திருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும். ரெண்டு நாளா விக்கல் நிக்காம, தலை சுத்தி, குடிச்ச தண்ணி மூக்கால வந்து போனவனுக்கு காஸ்ட்ரிக் குளிசை தந்து அனுப்பினவை. சிடி ஸ்கானும் எடுத்தது, அதில ஒண்டுமில்ல. இந்த இடத்தில வாற சின்ன அடைப்பை சிடி பெரும்பாலும் காட்டாது, எம்ஆர்ஐ எடுத்துத்தான் என்ரை தெரிஞ்சது. கை கால் இழுத்தாத்தான் பாரிசவாதம் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு எண்ணம். திடீரெண்டு தலை சுத்தி, விழுங்க ஏலாம, நடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாலும் அது பாரிசவாதமா இருக்கலாம், 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ எண்டு இப்ப நான் பாக்கிற ஆளுக்கெல்லாம் சொல்லித் திரியிறன்.

சரி, உங்கட கேள்விக்கு வாறன். தொடுற உணர்வும் சூடும் தோல்ல இருந்து ஒரே வழியால மூளைக்குப் போறேல்ல. வெள்ளவத்தையில காலி வீதியும் மரைன் டிரைவும் பக்கத்துப் பக்கத்தில ஓடுதெல்லோ, ஒண்டை மறிச்சா மற்றதில வாகனம் போய்க்கொண்டுதானே இருக்கும், அப்பிடி. சூடு, குளிர், வலி மூண்டும் ஒரு ரோட். தொடுகையும், கண்ணை மூடிக்கொண்டு குத்தியைத் தடவி இது எத்தினை ரூபா எண்டு கண்டுபிடிக்கிற நுணுக்கமும் மற்ற ரோட். பள்ளிக்கூடத்தில நீள்வளைய மையவிழையம் எண்டு நாக்குத் தெறிக்கப் பாடமாக்கினமே, மூளைத்தண்டின்ரை அடிப்பகுதி, அந்த இடத்தில சூட்டு ரோட் ஓரத்தால போகுது, தொடுகை ரோட் நடுவால போகுது. ஓரத்துக்கு ரத்தம் குடுக்கிற சின்னக் குழாய் அடைச்சா ஓரம் மட்டும் போகும். அப்பா காசு எண்ணுறது அதாலதான்.

இன்னொரு கூத்தும் இருக்கு. உடம்புச் சூட்டைக் கொண்டு போற நரம்பு முதுகெலும்புக்குள்ள ஓடுற முண்ணாணுக்குள்ள நுழைஞ்ச உடனேயே மற்றப் பக்கத்துக்கு மாறிடும், முகத்தின்ரை சூட்டு நரம்பு மாறுறதுக்கு முதல் தன்ர பக்கத்து ஓரத்தாலயே கொஞ்சம் கீழ இறங்கி வரும். அப்ப இடப்பக்கம் அடைச்சா முகத்தில இடப்பக்கமும் உடம்பில வலப்பக்கமும் போகும். எனக்கு அப்பிடித்தான், இமை விழுந்ததைப் பாத்தா உங்கட அப்பாவுக்கும் அப்பிடித்தான் போல. கேக்கிற ஆளுக்கு இது பொய் மாதிரித்தான் இருக்கும், அம்மாவில பிழையில்ல. ஆனா 1808லயே ஜெனிவாவில வியூசோ எண்ட டொக்டர் தனக்கு இது வந்து, தானே விவரமாச் சொல்லி வச்சிருக்கிறார். 1895ல வாலன்பெர்க் எண்டவர் ஒரு நோயாளியைப் பாத்து அடைப்பு எந்த இடத்தில எண்டு கணிச்சு எழுதி, பிறகு அந்த ஆள் இறந்தாப்பிறகு மூளையை வெட்டிப் பாத்து சரி எண்டு காட்டினவர், அவற்றை பேரிலதான் இப்பவும் இதைச் சொல்லுறது.

வாய்க்குள்ள நடக்கிறதுதான் எனக்கு இன்னும் பழகேல்ல. ஒரு மிடறு தேத்தண்ணி குடிச்சா வலப்பக்கம் சுடச்சுட, இடப்பக்கம் ஆறினது, ஒரே வாய்க்குள்ள ரெண்டு தேத்தண்ணி. அதைவிட, கறி இடப்பக்கம் உறைக்காது! உப்பு, புளி ரெண்டு பக்கமும் தெரியும், உறைப்பு மட்டும் இல்ல. முதல்ல மனிசி மிளகாய்த்தூளைக் குறைச்சுப்போட்டா எண்டு சண்டை பிடிச்சனான். பிறகுதான் 2021ல நோபல் பரிசு குடுத்த விசயம் ஞாபகம் வந்தது, டேவிட் ஜூலியஸ் மிளகாயில இருக்கிற காரப்பொருளை வச்சுத்தான் தோல் சூட்டை உணருற வாசலைக் கண்டுபிடிச்சவர், மிளகாயும் நெருப்பும் அதே வாசலால வாறதுதான். உறைப்பு நாக்குக்கு ருசியே இல்ல, எரிவு. அப்ப எரிவு போன பக்கத்தில உறைப்பும் போகத்தானே வேணும்.

சூட்டைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பினம், ஈரத்தைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. ஒருநாள் பின்னேரம் ரயில் ரோட்டைத் தாண்டிப்போய் கடல்ல முழங்கால் அளவுக்கு நிண்டனான். இடக்காலுக்கு தண்ணி. வலக்காலுக்கு ஏதோ துணி வந்து சுத்திப்போட்டு அவிழுற மாதிரி, அவ்வளவுதான். ஈரத்தை உணர தோலுக்கெண்டு தனியா ஒண்டும் இல்லையாம், குளிரையும் அழுத்தத்தையும் சேத்துத்தான் மூளை ஈரம் எண்டு முடிவு கட்டுது. குளிர் போனா ஈரமும் போச்சு.

இனி வேலைக்குரிய விசயம். குளிக்கேக்க அப்பா இடக்கையால தண்ணியைப் பாத்திட்டுத்தான் வாளிக்குள்ள வலக்கையை விடோணும். 60 டிகிரி தண்ணி அஞ்சு செக்கனுக்குள்ளயே நல்லா அவிச்சுப்போடும், கீசர் இருந்தா அதின்ர சூட்டைக் குறைச்சு வையுங்கோ. அயன்பெட்டி, சோத்துப்பானை மூடி, மோட்டார்சைக்கிள் சைலன்சர் எல்லாம் கவனம். சுடுதண்ணிப் போத்தல் ஒத்தணம் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம், ஊர்ல இருந்து வாற சொந்தக்காரர் கட்டாயம் வைக்கச் சொல்லுவினம். வலியும் தெரியாதபடியா ராவில வலப்பாதத்தை ஒருக்கா பாருங்கோ, முள்ளோ கண்ணாடியோ ஏறியிருந்தாலும் அவருக்குத் தெரியாது, சீனி வருத்தமும் இருந்தா இது இன்னும் முக்கியம்.

இன்னொண்டு. கொஞ்ச மாசம் போக, அதே சூடு தெரியாத பக்கமே எரியத் தொடங்கலாம், ஐஸ்கட்டியைக் கட்டி வச்ச மாதிரி ஒரு எரிவு. எனக்கு ஆறாம் மாசம் வந்தது. அதுக்கு பனடோல் கேக்காது, நரம்புக்குக் குடுக்கிற வேற குளிசை இருக்கு, அப்பா சொன்னா நம்பி நரம்பு டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போங்கோ. "சூடே தெரியாது எண்டுறார், இப்ப எரியுது எண்டுறார்" எண்டு வீட்டில ஒரு பகிடி வரும், அந்தப் பகிடி மனுசனை நல்லா நோகப்பண்ணும். விழுங்கிறது எனக்கு ரெண்டு மாசத்தில சரியாச்சு, விக்கலும் போச்சு, சூடு மட்டும் 3 வருசமாத் திரும்பேல்ல.

அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் எண்டா ரெண்டு தம்ளர் எடுங்கோ, ஒண்டில பைப் தண்ணி, மற்றதில ஃபிரிட்ஜ் தண்ணி, சுடுதண்ணி வேண்டாம். வெளிப்பக்கத்தை நல்லாத் துடைச்சுப்போட்டு அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி வலக்கையில மாறி மாறி வையுங்கோ, பிறகு இடக்கையில. அம்மாவே வைக்கட்டும்.

எங்கட வீட்டில மழை இருட்டினா மொட்டைமாடிக் கொடியில உடுப்பு எடுக்கிறது என்ரை வேலையா இருந்தது. வலக்கையால தொட்டுப் பாத்து காஞ்சிட்டுது எண்டு மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சு, கிழமைக்குள்ள எல்லாம் பூஞ்சணம். இப்ப மனிசி என்னைக் கொடிப்பக்கம் விடுறேல்ல.